ஒன்பது தட்டுகள்

பழங்கதையைப் புதுக்குவதில் கவிஞருக்கு இணையானவர் ஜப்பானிய மர அச்சு ஓவியர். ஒரு கதையை மட்டும் நாம் இங்கே காண்போம்.

ஓகிக்கு என்பவள் சாமுராய் ஒருவன் வீட்டுப் பணிப்பெண். பரம்பரைப் பீங்கான் தட்டுகள் பத்தில் ஒன்று காணவில்லை என்று பழி சுமத்தி, அவளைக் கொன்று கிணற்றில் எறிந்தனர். தன் இச்சைக்கு இணங்காதவளைக் கெடுக்க எசமானனே தட்டை ஒளித்தான் என்பாரும் உளர். இரவில் கிணற்றிலிருந்து ஒரு குரல் தட்டுகளை எண்ணும்; ஒன்பதில் நின்று அலறும்.

1831-ஆம் ஆண்டளவில் ஹொகுசாய் இக்கதையை வரைந்தார். கிணற்றினின்று எழும் அவளுடைய கழுத்தே தட்டுகளால் ஆனது. கூந்தல் அவற்றைக் கோத்து நிற்கிறது. சுமத்திய பழியே அவளுக்கு உடலாயிற்று! புராணத்தைப் புதிதாகப் பாடும் இக்காலக் கவிஞர் நாடுவதும் இத்தகைய ஒரு படிமத்தையே.

ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன்மேலேயே செதுக்குவார்கள். மூலப்படம் அதோடு அழிந்துபோகும்.

1890-இல் யொஷிதொஷி அதே கதையை எடுத்தார். அவர் படத்தில் அச்சுறுத்தும் பேய் இல்லை. வெளிறிய இளம்பெண் ஒருத்தி துயரத்தோடு நிற்கிறாள். ஹொகுசாயின் கற்பனை பெரிதுதான். ஆயினும், மாண்டவள் ஓர் ஏழைப் பணிப்பெண் என்பது நம் நெஞ்சில் தைப்பது இப்படத்திலேதான்.