பழைய காருக்குக் குளிர்ந்த காற்று: செலவு செய்யும் முன் தெரிய வேண்டியவை

புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்களை நம்மவர்களில் பலர் இன்னும் ஓட்டி வருகின்றனர். வேலைக்குச் சேர்ந்த இளைஞர் முதலில் வாங்குவதும் பல வேளைகளில் இவற்றில் ஒன்றைத்தான். வாங்கிய கையோடு, காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவிலான 'ஓப்பன் பாட்' வடிகட்டியைப் பொருத்துவோர் உண்டு. சத்தம் கூடுகிறது. இழுவை கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

குளிர்ந்த காற்று ஏன்?

எஞ்சினில் பெட்ரோல் எரிய உயிர்வாயு வேண்டும். காற்று சூடானால் விரியும். அதே அளவு இடத்தில் இருக்கும் உயிர்வாயு குறையும். 33 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிலோ. 63 பாகையில் அது 1.05 கிலோதான். ஏறக்குறைய 9 விழுக்காடு குறைவு. காற்று சூடாக இருந்தால் எஞ்சின் 'நாக்கிங்' சத்தம் கொடுக்கும் வாய்ப்பும் அதிகம்.

நெரிசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் 60 பாகை சூடு என்பது அரிதல்ல. ஓப்பன் பாட் அந்தச் சூட்டைத்தான் உறிஞ்சுகிறது. பல கார்களில் தொழிற்சாலை பொருத்திய பெட்டியோ முன்விளக்குக்குப் பின்னாலிருந்தோ மட்கார்டின் உட்புறத்திலிருந்தோ குழாய் வழியாக வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றுவது பணம் கொடுத்துச் சூட்டை வாங்குவது போலாகும்.

முதலில் செய்ய வேண்டியவை

இருபது முப்பது ஆண்டு ஓடிய கார்களில் அந்தக் குழாய் வெடித்திருக்கும். சிலவற்றில் காணாமலே போயிருக்கும். ஹாஃப்கட் கடையில் தேடி அதை மாற்றுவதே முதல் வேலை. அடைத்துப்போன வடிகட்டியை மாற்றி, பெட்டியின் மூடி இறுக்கமாக மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, சூடான புகைக்குழாய்ப் பக்கமாகக் காற்றுக்குழாய் சென்றால், இடையில் அலுமினியத் தகடு ஒன்றை வைக்கலாம். தகடு எதிலும் உரசாமல், இறுக்கமாகத் திருகப்பட்டிருக்க வேண்டும்.

பலன் உண்டா என்பதை அறிய, வயர் நுனியில் உணரி உள்ள சிறிய வெப்பமானி போதும். அதைக் காற்று உள்ளே போகும் வாயருகே கட்டி, நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் அளந்து, மாற்றத்திற்குப் பின் மீண்டும் அளக்கலாம். உணரி எஞ்சினுக்குள் இழுக்கப்படாதபடி நன்றாகக் கட்டுவது முக்கியம். ஓட்டத்தில் சூடு ஏற்கெனவே வெளிக்காற்றை ஒட்டியிருந்தால், மேலும் செலவழிப்பதில் பயனில்லை.

பெட்ரோல் மிச்சமாகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்பப் பெட்ரோலும் போக வேண்டும்.

வெள்ளமும் தூசியும்

சிலர் குளிர்ந்த காற்றுக்காக வடிகட்டியை முன் பம்பருக்குள் தாழ்வாக இறக்கிவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால், காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எஞ்சினையே மாற்ற வேண்டி வரலாம்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறியது என்பது பலருக்கு நினைவிருக்கும். காற்று எடுக்கும் வாய் எப்போதும் தொழிற்சாலை வைத்த உயரத்திற்குக் கீழே போகக் கூடாது. தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காருக்குத் தூசியே பெரிய பகை. நன்றாக வடிகட்டாத மலிவான பாட் வழியாக நுழையும் நுண்மண் பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். அங்கே காகித வடிகட்டியும் மூடிய பெட்டியுமே பாதுகாப்பு.

மாற்றம் செய்யும் முன் அது அனுமதிக்கப்பட்டதா எனச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும், காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய அசல் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். காரை விற்கும்போது பெயர் மாற்றச் சோதனைக்கு அது தேவைப்படலாம்.

ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த ஸ்பார்க் பிளக், வெடித்த வேக்கும் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்தாலே பல பழைய கார்களின் இழுவை திரும்பிவிடும். கையில் இருக்கும் பணத்தை முதலில் அங்கே செலவிடுவதே புத்திசாலித்தனம்.