மாங்கனியும் குளிர்க்கப்பலும்
இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோப்புக்காரர்கள் கவனத்திற்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து மாந்தோப்புகள் நிறைந்திருப்பதை யாவரும் அறிவர். சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய ரகங்களுக்கு இப்பிரதேசம் பெயர் பெற்றது. பருவத்தில் எல்லாத் தோப்புகளிலும் ஒரே காலத்தில் காய் பெருகுவதால் விலை சரிகிறது. சில வாரம் பொறுத்து விற்கலாமென்றால் பழம் பொறுப்பதில்லை. தூத்துக்குடித் துறைமுகமோ லாரியில் சில மணி நேரப் பயணத்தில் உள்ளது. ஆகவே, நம் பழத்தைக் குளிர்க்கப்பலில் ஏற்றி அயல்நாடுகளுக்கு அனுப்பலாகாதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. அனுப்பலாம், ஆனால் அதன் வெற்றி தோல்வி கடலில் அன்று, பெரும்பாலும் தோப்பிலேயே தீர்மானமாகி விடுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்க்கப்பலின் வரலாறு

1882-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி, 'டனீடின்' என்னும் பாய்க்கப்பல் சுமார் 5,000 ஆட்டுடல்களை உறையவைத்து ஏற்றிக்கொண்டு நியூஜிலாந்திலிருந்து புறப்பட்டு, 98 நாளில் லண்டனை அடைந்தது. உஷ்ணமண்டலத்தைக் கடக்கையில், யந்திரம் குளிரை உண்டாக்கியும் அது சரக்கின் எல்லாப் பக்கத்தையும் எட்டவில்லை. கப்பல் தலைவர் விட்ஸன் காற்றுக்குழாயினுள் தாமே தவழ்ந்து சென்று புதிய துளைகளை அறுத்துக் காற்றோட்டத்தைச் சீர்செய்தார். குளிரில் விறைத்துப்போன அவரைக் காலில் கட்டிய கயிற்றால் வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. குளிரை உண்டாக்குவது ஒன்று, அதனைச் சரக்கெங்கும் பரவச் செய்வது வேறொன்று என்னும் பாடம் இன்றும் மாறவில்லை.

பெட்டகம் வேலை செய்யும் விதம்

இக்காலத்தில் பழங்கள் 'ரீபர் கண்டெய்னர்' எனப்படும் குளிர்சாதனப் பெட்டகங்களில் செல்கின்றன. சாலையில் தனி ஜெனரேட்டராலும், துறைமுகத்திலும் கப்பலிலும் அங்குள்ள மின்சாரத்தாலும் பெட்டகத்தின் யந்திரம் ஓடுகிறது. குளிர்ந்த காற்று தரையிலுள்ள பள்ளங்களின் வழியே சென்று, அட்டைப்பெட்டிகளின் துளைகளினூடே மேலெழுந்து, மீண்டும் யந்திரத்தை அடைகிறது. பெட்டிகளின் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக அமையாவிடினும், தரையை மூடாமல் இடைவெளி விட்டு அடுக்கினும், கூரைவரை நெருக்கி அடுக்கினும், காற்று எளிய வழியில் ஓடிவிடும். நடுவிலுள்ள பழம் வெந்துபோகும்.

இப்பெட்டகம் முன்னரே குளிர்ந்த சரக்கின் குளிரைக் காப்பதற்கு ஏற்பட்டதேயன்றி, வெயிலில் காய்ந்த பழத்தின் சூட்டை விரைவாக வாங்குவதற்கு ஏற்பட்டதன்று. பறித்த பழமும் உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கிறது, சூட்டை வெளியிடுகிறது. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். மே மாதத்து மதிய வெயிலில் தார்ச்சாலை ஓரம் குவித்து வைத்த காய், ஒரு பகலில் இழக்கும் ஆயுளைப் பின்னர் எந்த யந்திரமும் மீட்டுத் தராது. எனவே, காலையில் பறித்து, நிழலில் சேர்த்து, அன்றைக்கே முன்குளிர்விக்கும் அறைக்கு அனுப்புதல் இன்றியமையாதது.

குளிர் மிகுந்தாலும் கேடு

இறாலும் மீனும் மைனஸ் 18 டிகிரியில் உறைந்து செல்கின்றன. பச்சை மாங்காய்க்கு அக்குளிர் ஆகாது. சுமார் 13 டிகிரி சென்டிகிரேடே அதற்கேற்றது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோல் சாம்பல் நிறமாகிக் குழிவிழும், பழம் ஒருபுறம் பழுத்து மறுபுறம் காயாக நிற்கும், மணமும் ருசியும் குன்றும். இக்கேடு பெட்டியைத் திறக்கும்போது தெரிவதில்லை. வெளியே எடுத்துப் பழுக்கவைத்த பின்னரே வெளிப்படும். அதற்குள் பணமும் பெயரும் போய்விடும்.

தோப்பில் செய்யவேண்டியவை

காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து, நீரிலிட்டால் அமிழ்ந்துபோகும் காயே முற்றிய காய் எனக் கொள்ளலாம். முற்றாத காய் கடற்பயணத்தைத் தாங்குவதுபோல் தோன்றினும் இறுதியில் சுருங்கிப் புளிக்கும். மரத்திலேயே நிறம் திரும்பிய பழமோ வழியிலேயே கனிந்துவிடும். கிளையை உலுக்காமல், வலைக்கூடை கட்டிய தொரட்டியினால், சிறிது காம்பு விட்டுப் பறித்தல் வேண்டும். பின்னர்க் காம்பை ஒடித்துக் கவிழ்த்துவைத்துப் பாலை வடியவிட்டுக் கழுவுக. பால் பட்ட தோல் கருகும். கருப்புப்புள்ளி நோயைத் தடுக்க 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிஷம் அமிழ்த்தும் முறை நெடுங்காலமாக அறியப்பட்டது.

பழ ஈயும் கொட்டை வண்டும் வாங்கும் நாடுகளுக்குப் பெரும் அச்சம். பழ ஈ காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதத்தில் இந்திய மாங்கனிக்குத் தடை விதித்து, 2015 தொடக்கத்தில் நீக்கிற்று. அச்சந்தைக்கு 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்துதலும், 2006-இல் கதவு திறந்த ஜப்பானுக்கு நீராவி வெப்பமும், 2007-இல் திறந்த அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சும் சிகிச்சையாக ஏற்பட்டன. ஆயினும், தோப்பில் விழுந்த பழங்களைப் பொறுக்கிப் புதைப்பதும், மீதைல் யூஜினால் பொறிகளைத் தொங்கவிடுவதுமே முதற்காப்பு.

குத்தகையும் கூட்டுறவும்

பூவெடுத்தவுடனேயே தோப்பைக் குத்தகைக்கு விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரு பருவத்துக்கு மட்டும் வந்த குத்தகைதாரர், விலை கண்ட அன்றே முழு மரத்தையும் உலுக்கிச் செல்வது அவருக்கு லாபம். முற்றிய காயை மட்டும் பலமுறை தெரிந்து பறிக்க அவரைத் தூண்டுவது யாதொன்றுமில்லை. ஏற்றுமதியை நாடும் மிராசுதார், பறிப்பைத் தம் வசமே வைத்துக்கொள்ளல் வேண்டும். இயலாவிடில், பறிக்கும் முறையையும் தரத்துக்கேற்ற விலையையும் குத்தகைச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

2022 ஜூன் மாதத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கடல்வழியே சுமார் 16 டன் மாங்கனி அனுப்பப்பட்டது. அவ்வளவு காயை ஒரே பக்குவத்தில் ஓரிரு நாளில் தருவது தனித் தோப்புக்கு அரிது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பலர் கூடுவதே வழி. ஐரோப்பாவுக்கு அனுப்பும் தோப்புகளை அபேடா நிறுவனத்தின் 'மேங்கோநெட்' திட்டத்தில் பதிவு செய்தல் அவசியம். நிலப்பதிவும் சாகுபடிக் கணக்கும் ஒத்திருக்குமாறு கிராம நிர்வாக அலுவலர்கள் பருவத்துக்கு முன்னரே உதவினால், பறிப்புக் காலத்தில் நாள் வீணாகாது.

முதலில் ஒரு பரீக்ஷை

அல்போன்ஸா தாங்கியதைச் சப்பட்டையும் தாங்குமென்று எண்ணிப் பணம் போடுதல் தகாது. தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. அங்கே சில நாள் காத்திருக்கவும் நேரும். 2023 இறுதியில் செங்கடல் வழி ஆபத்தானபோது, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றதால், ஒரு வாரத்துக்கு மேல் தாமதம் நேர்ந்தது. எனவே பழத்துக்கு, குறித்த நாளுக்கு மேலும் பத்து நாள் தாங்கும் சக்தி வேண்டும்.

இதனை அறியும் வழி எளிது. முற்றிய காய் பத்துப் பெட்டியை அருகிலுள்ள குளிர்கிடங்கொன்றில் 13 டிகிரியில் வைத்து, 14, 21, 28-ஆம் நாள்களில் சில பெட்டிகளை வெளியே எடுத்துப் பழுக்கவைத்து, அறுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்க. பழுக்கவைக்கக் கார்பைடு கல்லைப் பயன்படுத்தலாகாது. அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. இருபத்தொன்றாம் நாளில் கெட்ட பழம் நெடுந்தூரச் சந்தைக்கு ஆகாது. பதினான்காம் நாளில் நன்றாயிருந்தால் வளைகுடா நாடுகளைக் குறித்து யோசிக்கலாம்.

பத்துப் பெட்டி காயின் விலை அற்பமே. ஒரு பெட்டகத்தின் நஷ்டம் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ வருமானத்தை விழுங்கும். ஆகவே, தோப்புக்காரர்கள் வருகிற பருவத்திலேயே இப்பரீக்ஷையைச் செய்து பார்த்து, அதன் பலனை அறிந்த பின்னரே வியாபாரியுடன் உடன்படிக்கைக்கு உட்காருவார்களாக.