பல் பிடுங்கலும் பயம் நீங்கலும்

விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறிந்து, புதுப்பல் தருமாறு அணிலிடம் வேண்டிநின்ற பருவம் நம்மிற் பலர்க்கு இருந்தது. அன்று பல் விழுதல் ஒரு விளையாட்டு. பாற்பற்கள் 20, அவை விழுந்தால் வேறு பல் முளைக்கும் என்னும் உறுதி அவ்விளையாட்டுக்குத் துணைநின்றது. நிலைப்பற்கள் 32, அவற்றுள் ஒன்று போயின் மீண்டும் முளைப்பதில்லை. இதனாலேயே, வளர்ந்தபின் பல் பிடுங்குதல் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் வீரரும் வியர்க்கின்றனர். இவ்வச்சம் இயல்பே. ஆயினும், அச்சத்தினால் நாளைக் கடத்துதல் பல்லைப் பிடுங்குதலினும் பெருந்தீங்கு விளைப்பதாகும். வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்தபின் யாது நிகழும் என்பதை முன்னரே அறிந்தோர்க்கு அச்சம் பாதியாகக் குறையும். அவ்வறிவைத் தருதலே ஈண்டு நமது நோக்கம்.

நாம் ஆசிரியப்பணி புரியும் அட்டாளைச்சேனைப் பகுதியிற் பல்நோவுக்குச் சாட்டுக்கள் பல உண்டு. வேளாண்மை வெட்டு முடியட்டும் என்பர் வயற்காரர். நோன்புப் பெருநாள் கழியட்டும் என்பர் முஸ்லிம் அன்பர். சோதனை முடியட்டும் என்பர் மாணவர். தவணை விடுமுறை வரட்டும் என்போம் ஆசிரியராகிய நாம். இதற்கிடையிற் கராம்பும் பனடோலும் நோவை அடக்கும், நோயை அடக்கா. சூத்தையானது மிளிரி என்னும் வெண்மையான மேற்படையைத் துளைத்து, உட்படையையும் கடந்து, பல்லின் நடுவேயுள்ள நரம்பை அடைகின்றது. அந்நரம்பு இறந்தவுடன் நோவு திடீரென நின்றுவிடும். குணமாயிற்று என்று பலர் மகிழ்வது அப்பொழுதுதான். உண்மையில், வேரின் நுனியிற் சீழ் கட்டத் தொடங்குங் காலமும் அதுவே. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாவின் அடியிலும் கழுத்திலும் பரவின் மூச்சுக்குழல் அடைபடும். 1836இல் ஜெர்மனிய வைத்தியர் லுட்விக் விரித்துரைத்த இந்நோய், உரிய காலத்தில் மருத்துவம் பெறாவிடின் உயிரையும் கவரவல்லது.

நோவுடைய பல் யாவும் பிடுங்கப்பட வேண்டியன என்று கொள்ளற்க. சிறு சூத்தையை அடைக்கலாம். நரம்பு கெட்ட பல்லையும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சையாற் பலவேளை காக்கலாம். முந்திச் செல்வோர்க்கே இவ்வழிகள் திறந்திருக்கும். நமது நாட்டின் அரசினர் வைத்தியசாலைகளிற் பல் பிடுங்குதற்குப் பணம் அறவிடப்படுவதில்லை. எமது அயலில் அக்கரைப்பற்று, கல்முனை ஆதார வைத்தியசாலைகளிற் பல் வைத்தியப் பிரிவுகள் உள. ஆகவே வறுமையும் தூரமும் இதற்குத் தடையாதல் அரிது; தடையாவது அச்சமே.

வெறுவயிற்றுடன் செல்லாது, இலேசான உணவு உண்டு செல்லுதல் நன்று. பசியும் அச்சமும் கூடின் மயக்கம் வரும். நோன்பு நோற்போர் அதனை வைத்தியரிடம் கூறி, ஏற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்ளலாம். ஆயின் முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டிருப்பின் எவரும் காத்திருத்தல் ஆகாது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய வால்வு நோய், பெனிசிலின் ஒவ்வாமை, கருப்பம் ஆகியவற்றுள் எஃதுண்டெனினும் மறையாது சொல்லல் வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தோ, எலும்புத் தேய்வுக்குரிய மருந்தோ உட்கொள்வோர் அதனை முதலிற் கூறுக. அம்மருந்துகளைத் தாமாகவே நிறுத்துதல் ஆபத்து.

இனி ஊசியைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் முன்னோர் நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தனர். பிடுங்கும் பல்லை அவ்வாறு கடித்தலும் இயலாது! 1844 டிசம்பர் 11ஆந் திகதி அமெரிக்கப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை நுகர்ந்து, தமது பல்லையே பிறரைக்கொண்டு பிடுங்குவித்து, நோவின்மையைச் சோதித்தறிந்தார். 1884இல் வியன்னாவிற் கார்ல் கொல்லர், நோயாளி விழித்திருக்க உறுப்பை மட்டும் விறைக்கச் செய்யலாம் என்பதைக் கண்ணிற் காட்டினார். இன்று பெரிதும் வழங்கும் லிடொக்கெயின் என்னும் மருந்தை 1943இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லொவ்கிரன் ஆக்கினார். இவர்கள் உழைப்பின் பயனே நமக்கு இடப்படும் அச்சிறிய ஊசி. குத்தும்போது சுருக்கென்னும், சில நிமிடங்களில் உதடு தடித்தாற்போலத் தோன்றும். கீழ்க் கடைவாய்ப் பல்லாயின் பாதி உதடும் பாதி நாவும் விறைக்கும். விறைப்பு வருமுன் வைத்தியர் பல்லைத் தொடமாட்டார்.

'பிடுங்குதல்' என்ற சொல்லே நம்மை மருட்டுகின்றது. பல்லுக்கும் தாடையெலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் உள. வேலிக் கதியாலைப் பிடுங்குவோன் முதலில் இங்குமங்கும் அசைத்து மண்ணை இளக்குவதுபோல, வைத்தியரும் நெம்புகருவியாலும் குறட்டினாலும் பல்லை அசைத்துக் குழியை விரித்து அந்நார்களை விடுவிக்கின்றார். அப்போது பலத்த அழுத்தம் தெரியும். எலும்பினூடே 'கறக்' என்னும் ஓசையும் கேட்கலாம். இவை இரண்டும் நோவல்ல. கூர்மையான நோவு தெரியின் கையை உயர்த்துக. மேலும் ஊசி இடுவர். உறுதியாக வேரூன்றிய பல்லாயின் துண்டுகளாக்கி எடுத்தலும் உண்டு. அதனைத் தவறெனக் கருதற்க.

மேற்பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை குன்றும் என்பது நாட்டில் நெடுங்காலம் வழங்கும் நம்பிக்கை. பார்வைக்குரிய நரம்பு வேறு; பல்லின் உணர்ச்சிக்குரிய நரம்பு வேறு. பின்னதன் மற்றொரு கிளை கண்ணைச் சூழ்ந்த இடத்து உணர்ச்சிக்கும் உரியதாதலின், பல்நோவு கண்ணருகிலும் தெறிக்கின்றது. இத்தொடர்பைக் கண்டே அந்நம்பிக்கை எழுந்திருத்தல் கூடும். பல்லைப் பிடுங்குதலாற் பார்வை குன்றுவதில்லை.

பல் போனபின் அக்குழியில் உறையும் குருதியே இயற்கை இடும் மருந்து. அதனைக் காத்தலே நம் கடமை. வைத்தியர் வைத்த துணித்துண்டை அரைமணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளித்தல், பலமாகத் துப்புதல், குழாயால் உறிஞ்சுதல், கொதிக்கும் தேநீர், மது, புகை, வெற்றிலை பாக்கு ஆகிய யாவும் விலக்கு. உமிழ்நீர் இளஞ்சிவப்பாதல் இயல்பு. குருதி பெருகின் தூய துணியை மடித்து வைத்து, இருந்தபடியே மேலும் இருபது நிமிடம் கடித்திருத்தல் வேண்டும். நின்றிலதேல் வைத்தியசாலைக்கு மீள்க. விறைப்பு நீங்க இரண்டு மூன்று மணி நேரம் செல்லும். அதுவரை சூடான உணவு ஆகாது. சிறுவர் தம் உதட்டைத் தாமே கடித்துப் புண்ணாக்காதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்க. மறுநாள் தொடக்கம், வெதுவெதுப்பான உப்புநீரால் உணவின்பின் மெல்லக் கொப்பளித்தல் நன்று. கஞ்சியும் ஆறிய மென்சோறும் ஏற்ற உணவு.

நோவு நாளுக்கு நாள் குறைதலே முறை. மூன்றாம் நாளளவில் அது பெருகித் தீநாற்றமும் வீசின், உறைந்த குருதி கழன்று குழி வறண்டதென அறிக. இது புகைப்போரிடம் மிகுதி. வைத்தியர் மருந்திட்டால் ஆறும். வீக்கம் கழுத்துக்கு இறங்குதல், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமை, காய்ச்சல் ஆகியன காணின் இரவென்றும் பாராது வைத்தியசாலைக்குச் செல்க. முரசு மூட இரண்டு மூன்று வாரமும், உள்ளே எலும்பு நிறையச் சில மாதங்களும் செல்லும். மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்ணை, சிறப்பாக வெற்றிலை போடுவோர், காட்டாதிருத்தல் தகாது. பாக்குப் புற்றுநோய் விளைப்பதென்பது உலக ஆய்வாளர் ஒப்பிய உண்மை.

தமிழாசிரியராகிய நாம் ஒன்று கூறாமல் விடுதல் இயலாது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலி பிறத்தற்குரிய உறுப்புக்களுள் பல்லையும் வைத்து எண்ணினார். தகரமும் நகரமும் பல்லின் அடியை நா பொருந்தப் பிறப்பன; வகரத்துக்குப் பல்லும் இதழும் வேண்டும். பல் போனாற் சொல் போம் என்னும் பழமொழி வெறும் கேலியன்று, இலக்கணமுமாம். ஊசி இட்ட அன்று மேடைப்பேச்சை ஒப்புக்கொள்ளாதிருத்தல் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் நலம். முன்பல் இழந்தோர் செயற்கைப் பல் கட்டிக்கொள்ளின் உணவும் உச்சரிப்பும் ஒருங்கே மீளும்.

ஆகவே, பழைய மாணவ நண்பர்களே, நாவினால் நாள்தோறும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் பல் ஒன்று உமக்கு இருக்குமாயின், இம்மலரை மூடிவைத்தபின் அடுத்த விடுமுறையை எண்ணாதீர். அடுத்த வேலைநாளை எண்ணுக. அன்று காக்கக்கூடிய பல்லாயின் அது காக்கப்படும். போகவேண்டிய பல்லாயின் அயற்பல்லைக் கெடுக்குமுன் போகும்.