கோமாரி ஊசிக்குத் துணை நின்ற மரப்பட்டை

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காடு வானம் பார்த்த பூமி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பலவும் வீட்டில் ஒரு கறவை மாடோ, நாலைந்து ஆடுகளோ வைத்திருக்கின்றன. ஆலை ஓடாத நாட்களில் அடுப்பெரிவது இவற்றால்தான். இத்தகைய வீட்டில் கோமாரி நுழைந்தால் படும் பாடு சொல்லி மாளாது. வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் கண்ட மாடு தீவனம் எடுக்காது, பால் வற்றிவிடும். இளங்கன்றுகள் இதயம் பாதித்துத் திடீரென இறப்பதும் உண்டு.

கோமாரி வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. வருமுன் போடும் தடுப்பூசியே காப்பு. அந்த ஊசியின் வரலாற்றில் ஒரு மரப்பட்டைக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

கோமாரித் தடுப்பூசியில் இருப்பது உயிரிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது மாட்டின் உடலில் பெருகாது. ஆகவே உடலும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. தண்டோரா போட்டால்தானே ஊர் கூடும்! அப்படி நோய் எதிர்ப்பு அணுக்களை ஊசி போட்ட இடத்துக்கு வரவழைக்கச் சேர்க்கும் பொருளை 'அட்ஜுவன்ட்' என்கின்றனர், ஊக்கி எனலாம். (மருந்து என்றாலே பட்டாசு மருந்தை நினைக்கும் சிவகாசிக்காரர்களுக்கு, திரி இல்லாத வெடி என்றால் உடனே விளங்கிவிடும்.)

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன். 1925 வாக்கில் குதிரைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான ஊசி மருந்தோடு மரவள்ளி மாவைக் கலந்து போட்டார். எதிர்ப்புச் சக்தி கூடியது. நம் சேலத்து ஜவ்வரிசியும் அதே மரவள்ளியிலிருந்து வருவதுதான். பின்னர் 1951-ல் அர்ஜென்டினாவில் கோமாரித் தடுப்பூசியில் சபோனின் சேர்க்கப்பட்டது. சிலி நாட்டில் வளரும் குயிலாயா என்னும் மரத்தின் பட்டையில் இது மிகுதி. அந்நாட்டு மக்கள் அப்பட்டையைச் சோப்பாகப் பயன்படுத்தி வந்தவர்கள். 1974-ல் டென்மார்க் விஞ்ஞானி டால்ஸ்கார்ட் பட்டைச் சாற்றிலிருந்து ஊக்கியாகப் பயன்படும் பகுதியைப் பிரித்தெடுத்தார். இந்தியாவிலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு களியுடன் சபோனின் சேர்த்த கோமாரி ஊசி பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. இப்போது போடப்படுவது பெரும்பாலும் எண்ணெய் கலந்த ஊசி.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதுதானே?

ஆம், நுரை வருவதே சபோனினால்தான். ஆனால் அவற்றை அரைத்துப் புகட்டினால் கோமாரி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சபோனின் இருபுறமும் கூரான கத்தி. மீன் வளர்ப்போர் குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு இடுவது தெரிந்ததே. அங்கு வேலை செய்வதும் சபோனினே. அது இரத்தச் சிவப்பணுவின் மேலுறையில் உள்ள கொலஸ்டிராலைப் பற்றிக் கொண்டு அணுவை உடைத்துவிடும்.

1984-ல் சுவீடனைச் சேர்ந்த மோரேன் குழுவினர் இந்தத் தொல்லைக்கு வழி கண்டனர். சபோனினைக் கொலஸ்டிராலுடனும் பாஸ்போ கொழுப்புடனும் சேர்த்து நுண்ணிய கூண்டு போல் ஆக்கினால், வீரியம் நிற்கிறது. அணுவை உடைக்கும் குணம் பெரிதும் அடங்குகிறது. அதன் வழிவந்த ஊக்கிதான், புனே சீரம் நிறுவனம் தயாரித்து 2021 டிசம்பரில் அனுமதி பெற்ற கோவோவேக்ஸ் கொரோனா தடுப்பூசியில் இடம்பெற்றது. ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராம்தான். இந்த நுணுக்கமெல்லாம் அம்மியில் அரைத்து வருவதல்ல.

மூலிகைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. கோமாரி கண்ட மாட்டுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் கலந்து வாயில் தடவிக் கொடுப்பதைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அது புண்ணை ஆற்ற உதவும், தடுப்பூசிக்கு ஈடாகாது.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும், கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் வழக்கமாகப் போடுவது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். அது தானே பெருகி உடலை உசுப்பும், ஊக்கி வேண்டியதில்லை. ஆனால் வெயில் பட்டால் கெட்டுவிடும். கோமாரி ஊசியையோ 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடப்படுகிறது. கன்றுகளுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும் போட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வீக்கமும், ஓரிரு நாள் பால் குறைவும் காணலாம், அஞ்ச வேண்டாம். நிறைசினை மாடுகளைப் பற்றி மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவது நலம். ஆலைக்குச் செல்வோர் முகாம் நாளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து, அன்று காலை மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி வைத்து, பிடித்துக் கொடுக்க வீட்டில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.