நூலிழையில் நிற்கும் கப்பல்: மாதிரிப் பாய்மரக் கப்பலுக்குக் கயிறு திரிக்கும் கலை

பாய்மரக் கப்பலின் உடல் மரத்தால் ஆனது. ஆனால் அந்த உடலைக் காற்றோடு பிணைத்துக் கடலில் ஓடவைத்தது கயிறு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1922 முதல் உலர்துறையில் நிறுத்தப்பட்டிருக்கும் எச்.எம்.எஸ். விக்டரி என்னும் போர்க்கப்பல் இதற்குச் சிறந்த சான்று. சாத்தம் கப்பல்கட்டும் துறையில் 1765-ல் நீரில் இறக்கப்பட்டு, 1805 அக்டோபர் 21 அன்று நடந்த டிரஃபால்கர் கடற்போரில் அட்மிரல் நெல்சனின் தலைமைக் கப்பலாக விளங்கிய இதன் மூன்று பாய்மரங்களையும் 37 பாய்களையும் தாங்குவதற்கும் இயக்குவதற்கும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள கயிறு தேவைப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்தக் கப்பலை அதன் அளவில் 96-ல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்ய முனைபவரின் கையில் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல் உருவாகும் என்றால், அதில் முறையாகக் கட்ட வேண்டிய கயிறு மட்டும் 400 மீட்டரைத் தாண்டும்.

மாதிரிக் கப்பலின் பிற உறுப்புகள் பெரும்பாலும் தோற்றத்தால் மட்டுமே அசலை ஒத்தவை: அதன் பீரங்கி சுடுவதில்லை, அதன் நங்கூரம் மண்ணைக் கவ்வுவதில்லை. கயிறோ அசல் கயிறு முறுக்கப்படும் அதே முறையில் முறுக்கப்பட்டு, அசலைப் போலவே பாய்மரத்தை இழுத்துப் பிடித்து, அசலைப் போலவே ஈரத்திலும் வறட்சியிலும் நீண்டும் சுருங்கியும் வேலை செய்கிறது. ஆகவேதான் கடையில் கிடைக்கும் தையல்நூலை அப்படியே கட்டிவிடாமல், தேவையான ஒவ்வொரு பருமனிலும் கயிற்றைத் தாமே திரித்துக்கொள்வதைத் தேர்ந்த மாதிரிக் கலைஞர்கள் தம் கலையின் உயிர்ப்பகுதியாகக் கருதுகின்றனர்.

முறுக்கும் எதிர்முறுக்கும்

கயிறு அவிழாமல் நிற்பதன் காரணம் மிக எளியது. நாரை ஒரு திசையில் முறுக்கி இழையாக்கி, பல இழைகளைச் சேர்த்து அதற்கு எதிர்த்திசையில் முறுக்கிப் புரியாக்கி, மூன்று புரிகளைச் சேர்த்து மறுபடியும் திசை மாற்றி முறுக்கும்போது, புரி தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும் விசையும் கயிறு தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும் விசையும் ஒன்றையொன்று தடுத்துச் சமநிலையில் நிற்கின்றன. தென்னை நாரில் கயிறு திரிப்பவர்கள் கையாளும் தத்துவமும், ஐரோப்பியக் கடற்படைகளுக்கு ஹெம்ப் என்னும் செடியின் நாரில் வடம் திரித்தவர்கள் கையாண்ட தத்துவமும் இதுவே.

கப்பலில் வழங்கிய கயிறுகளில் மிகுதியானது முப்புரிக் கயிறு. அதை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் புரிகள் இடப்புறக் கீழிருந்து வலப்புற மேலாக ஏறிச் செல்லும். இதை வலமுறுக்கு என்பர். இத்தகைய முப்புரிக் கயிறுகள் மூன்றை இடமுறுக்காகச் சேர்த்தால், ஒன்பது புரிகள் கொண்ட வடம் கிடைக்கும். நங்கூரத்துக்கும், பாய்மரத்தை முன்புறமாக இழுத்துப் பிடிக்கும் பெரிய தாங்குகயிறுகளுக்கும் இந்த வடமே பயன்பட்டது. நடுவில் ஒரு மெல்லிய கயிற்றை வைத்து அதைச் சுற்றி நான்கு புரிகளை முறுக்கும் வகையும் உண்டு. மாதிரியில் வடத்தின் புரிகள் தவறான பக்கம் சாய்ந்திருந்தால், கப்பற்கலை அறிந்த கண் அதை உடனே கண்டுகொள்ளும்.

விக்டரி பிறந்த சாத்தம் துறையில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட கயிற்றாலை ஏறத்தாழ 346 மீட்டர் நீளமுள்ள ஒரே கட்டடம். அங்கே இன்றும் கயிறு திரிக்கப்படுகிறது. புரிகளை நேராக நீட்டி வைத்துத்தான் முறுக்க வேண்டும் என்பதாலும், முறுக்க முறுக்க அவற்றின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதாலும் அத்தனை நீளமான கட்டடம் தேவைப்பட்டது. மாதிரிக் கலைஞரின் மேசைமேல் இருக்கும் கயிறு திரிக்கும் கருவி இந்த ஆலையின் சுருங்கிய வடிவமே.

பருமனைக் கணக்கிடுதல்

பழைய கப்பல் ஏடுகளில் கயிற்றின் அளவு சுற்றளவால் குறிக்கப்பட்டதே அன்றி விட்டத்தால் அன்று. இதை அறியாதவர் தம் மாதிரியில் மும்மடங்கு தடித்த கயிற்றைக் கட்டிவிட நேரும். விக்டரியின் நடுப்பாய்மரத்தை முன்னிழுத்துப் பிடித்த தலையாய தாங்குகயிற்றின் சுற்றளவு 19 அங்குலம்; அதாவது விட்டம் ஏறத்தாழ 15.4 சென்டிமீட்டர். 96-ல் ஒரு பங்கு மாதிரியில் அது 1.6 மில்லிமீட்டராகிறது. 11 அங்குலச் சுற்றளவுள்ள கயிறு 0.93 மில்லிமீட்டராகவும், மாலுமிகள் ஏறிச் செல்லும் படிக்கயிறுகளுக்குரிய ஒன்றரை அங்குலக் கயிறு 0.13 மில்லிமீட்டராகவும் சுருங்குகின்றன. எந்தக் கயிறு எத்தனை அங்குலம் என்பதை டேவிட் ஸ்டீல் 1794-ல் வெளியிட்ட கயிற்றமைப்பு நூலின் அட்டவணைகளிலிருந்தும், விக்டரிக்கென்றே சி. நேபியன் லாங்ரிட்ஜ் 1955-ல் வெளியிட்ட நூலிலிருந்தும் அறியலாம்.

இவ்வளவு மெல்லிய நூலின் விட்டத்தை அளவுகோலால் நேரடியாக அளக்க இயலாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு: நூலை ஒரு பென்சிலின்மீது இடைவெளியின்றியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றுகளை எண்ண வேண்டும். 40 சுற்றுகள் வந்தால் நூலின் விட்டம் கால் மில்லிமீட்டர்.

நூலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பருத்தி நூலில் மேற்பரப்பெங்கும் பூமயிர் எழுந்து நிற்கும். அசல் கயிற்றில் அது பொருட்டல்ல எனினும், 96 மடங்கு சுருங்கிய உலகில் ஒவ்வொரு மயிரும் ஒரு கம்பு போலத் தோன்றும். நீண்ட காலம் விரும்பப்பட்ட லினன் நூல் உறுதியானது, இயற்கையான நிறமும் உடையது. ஆனால் சீரான மெல்லிய லினன் நூல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பூமயிர் குறைந்த, சீரான பருமனுடைய பாலியெஸ்டர் நூலைப் பலரும் நாடுகின்றனர். நெப்போலியனுக்கு எதிரான போர்களின்போது இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் போன்ற சிறை முகாம்களில் அடைபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல் மாதிரிகள் செய்து, அவற்றுக்குப் பட்டு நூலாலும் முடியாலும் கயிறு கட்டினர். அந்தப் படைப்புகள் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன.

மேசைமேல் ஒரு கயிற்றாலை

திரிக்கும் கருவியின் ஒரு முனையில் பற்சக்கரங்களால் இணைக்கப்பட்டு ஒரே திசையில் சுழலும் மூன்று கொக்கிகள் இருக்கும். மறுமுனையில், தண்டவாளத்தில் நகரும் ஒரு சிறு வண்டியில், விடுவித்தால் தடையின்றிச் சுழலும் ஒற்றைக் கொக்கி இருக்கும். மூன்று புரிகளுக்கான நூல்களும் தனித்தனியாக மூன்று கொக்கிகளிலும், மறுமுனையில் சேர்ந்து ஒற்றைக் கொக்கியிலும் மாட்டப்படுகின்றன. கைப்பிடியைச் சுழற்றியதும் மூன்று புரிகளும் ஒரே அளவில் முறுக்கேறிச் சுருங்க, சிறு எடையால் பின்னிழுக்கப்பட்டிருக்கும் வண்டி மெல்ல முன்னகரத் தொடங்குகிறது. புரிகள் போதிய அளவு விறைத்த பின், மூன்று பள்ளங்கள் வெட்டப்பட்ட கூம்பு வடிவக் கட்டை ஒன்று ஒற்றைக் கொக்கியின் அருகே புரிகளுக்கிடையே செருகப்படுகிறது. ஒற்றைக் கொக்கி விடுபட்டுச் சுழல, புரிகள் கூம்புக்குப் பின்னே ஒன்றையொன்று தழுவிக் கயிறாகின்றன. அந்தக் கயிறே கூம்பை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு செல்கிறது. இவ்வேளையில் மூன்று கொக்கிகளையும் தொடர்ந்து சுழற்ற வேண்டும். இல்லையேல் புரிகள் இழக்கும் முறுக்கு ஈடுசெய்யப்படாமல் கயிறு தொளதொளத்துப் போகும். முறுக்கு மிகுந்தாலோ கயிறு தானே சுருண்டு முடிச்சிட்டுக்கொள்ளும். திரித்து முடித்த கயிற்றை உடனே வெட்டாமல், இரு முனைகளையும் நூலால் கட்டி, எடை தொங்கவிட்டு ஓர் இரவு நீட்டி வைத்தால் முறுக்கு நிலைபெறுகிறது.

தொடங்குபவர்கள் இடறும் இடம் முறுக்கின் திசை. கடையில் விற்கும் தையல்நூல் பெரும்பாலும் வலமுறுக்குடையது. அத்தகைய ஒற்றை நூலையே புரியாகக் கொண்டு, அதன் முறுக்கு அவிழாதிருக்க அதே திசையில் மேலும் முறுக்கினால், விளையும் கயிறு இடமுறுக்காகிவிடும். கப்பலின் பெரும்பாலான கயிறுகளுக்கு அது பொருந்தாது. ஒரு புரிக்கு இரண்டு அல்லது மூன்று நூல்களைச் சேர்த்து அவற்றை இடப்புறமாக முறுக்கினால் கயிறு முறைப்படி வலமுறுக்காக அமையும்.

சில கயிறுகளுக்கு மேலும் ஒரு வேலை உண்டு. பாய்கள் இடைவிடாமல் உரசும் இடங்களில் கயிறு தேய்ந்துவிடாதபடி, மாலுமிகள் அதன்மீது தார் பூசிய துணியைப் போர்த்தி, அதற்கும் மேலே மெல்லிய கயிற்றை நெருக்கமாகச் சுற்றி மூடினர். ஒவ்வொரு பாய்மரத்திலும் முன்னால் நிற்கும் பக்கத் தாங்குகயிறு முழு நீளத்துக்கும் இவ்வாறு மூடப்பட்டது. மாதிரியில் கயிற்றின் இரு முனைகளையும் ஒருசேரச் சுழற்றும் கருவியில் பூட்டி, மிக மெல்லிய நூலை அதன்மேல் சுற்று சுற்றாகப் படியவிடுகின்றனர். உள்ளிருக்கும் கயிறும் மேல்சுற்றும் சேர்ந்த பருமனே வெளியில் தெரியும் என்பதால், அதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்வது அவசியம்.

கட்டும் வரிசை

பாய்மரக் கப்பலின் கயிறுகள் இரு வகைப்படும். பாய்மரங்களைத் தாங்கி நிலையாக நிற்பவை நிலைக்கயிறுகள். பாய்களையும், பாய்கள் தொங்கும் குறுக்குமரங்களான பருமல்களையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் கப்பிகளின் வழியே ஓடுபவை இயக்கக்கயிறுகள். நிலைக்கயிறுகளுக்கு பைன் மரத்தார் தாராளமாகப் பூசப்பட்டதால் அவை கருமை கலந்த அடர்பழுப்பாக இருந்தன. இயக்கக்கயிறுகள் வெளிறிய பழுப்பாக இருந்தன. மாதிரியிலும் கன்னங்கரேலென்ற நூலைவிட அடர்பழுப்பு நூலே கண்ணுக்கு மெய்யாகத் தோன்றுகிறது.

நிலைக்கயிறுகளில் முதலில் ஏறுபவை, ஷ்ரவுட் எனப்படும் பக்கத் தாங்குகயிறுகள். ஒரே கயிற்றை நடுவில் மடித்துப் பாய்மரத்தின் தலையில் மாட்டினால் ஓர் இணை கிடைக்கும். வலப்பக்கத்தின் முன்னிணை முதலாவதாகவும், இடப்பக்கத்தின் முன்னிணை அடுத்ததாகவும் மாறி மாறி ஏற்றப்படுகின்றன. இவற்றின் கீழ்முனைகளில், மூன்று துளைகள் கொண்ட வட்ட மரக்கட்டைகள் கட்டப்பட்டு, கப்பலின் பக்கவாட்டில் பதிந்த அதே வகைக் கட்டைகளோடு மெல்லிய கயிற்றால் கோத்து இறுக்கப்படுகின்றன. ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் சென்றால் பாய்மரம் சாய்ந்துவிடும் என்பதால், இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே வருகின்றனர்.

அடுத்த வேலை படிக்கயிறுகள். அசலில் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த இவை, மாதிரியில் 3.4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைகின்றன. சம இடைவெளியில் கோடுகள் வரைந்த அட்டையைப் பக்கத் தாங்குகயிறுகளுக்குப் பின்னே நிறுத்தி, ஒவ்வொரு கயிற்றையும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய நூலை இருமுறை சுற்றி, இரண்டாவது சுற்றின் அடியில் முனையைச் செருகி மென்மையாக இறுக்க வேண்டும். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடைப்பட்ட நூலைச் சற்றே அதிகமாக இழுத்தாலும் தாங்குகயிறுகள் உள்வாங்கி, நேராக நிற்க வேண்டிய ஏணி இடையில் ஒடுங்கிவிடும். மூன்று பாய்மரங்களுக்கும் இருபுறமும் இம்முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் வரும். அவற்றில் எதையும் விரைந்து முடிக்க இயலாது.

இயக்கக்கயிறுகளில் வேறொரு இடர் எழுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 96 மடங்கு குறையும்போது ஒரு பொருளின் எடை ஏறத்தாழ 8,85,000 மடங்கு குறைகிறது. நூலின் விறைப்போ அந்த அளவுக்குக் குறைவதில்லை. அசல் கப்பலில் தன் எடையாலேயே இயல்பாக வளைந்து தொங்கும் கயிறு, மாதிரியில் கம்பியைப் போல விறைத்து நிற்பதும், தளத்தில் சுருட்டி வைத்த கயிறு சுருள்வில்லாக எழுந்து நிற்பதும் இதனால்தான். எனவே நீர் கலந்த வெள்ளைப் பசையால் கயிற்றை நனைத்து, சிறு எடைகளைத் தொங்கவிட்டோ ஊசிகளால் உரிய வளைவில் பிடித்தோ உலரவிடுகின்றனர். புவியீர்ப்பு செய்யத் தவறுவதைக் கலைஞரின் கை செய்கிறது.

இத்தனை உழைப்புக்கும் பொருள் உண்டு. விக்டரியின் மேல்பாய்மரங்களும் பருமல்களும் அவற்றைச் சார்ந்த கயிறுகளும் பழுதுபார்ப்பை முன்னிட்டு 2011-ல் இறக்கப்பட்டன. 2021-ல் நடுப்பாய்மரமும் கழற்றப்பட்டது. பெரிய கப்பலே முழுக் கோலத்தில் இல்லாத காலத்தில், ஒரு பருமலைத் திருப்ப எந்தக் கயிறு எந்தக் கப்பி வழியாகத் தளத்தின் எந்த முளைக்கு வந்து சேர்ந்தது என்பதை முழுமையாகக் காண விரும்புபவருக்கு, சரியாகக் கயிறு கட்டிய மாதிரியே சிறந்த ஆவணம். கயிற்றைத் தவறாகக் கட்டிய மாதிரி அழகாக இருக்கலாம். ஆனால் அந்தக் கப்பல் எப்படி ஓடியது என்னும் கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது. ஆகவே அரை மில்லிமீட்டர்ப் பருமனுக்கும் புரியின் சாய்வுக்கும் காட்டப்படும் கவனம், காற்றை மட்டுமே நம்பி உலகைச் சுற்றிவந்த ஒரு தொழில்நுட்பத்தை வழுவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பொறுப்பே ஆகும்.