தொண்டரும் சொல்லும்

சம்பளம் வாங்குவோரை அதிகாரம் கட்டுப்படுத்தும். தொண்டரைக் கட்டுப்படுத்துவது எது? சொல் ஒன்றே என்பேன்.

திருமலையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் பல மாநிலத்தார், பல மொழியினர், ஊதியமின்றி வரிசையிலும் அன்னப்பிரசாதக் கூடத்திலும் பணிபுரிகின்றனர். இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நேரம் என்று பிரித்துச் சொல்லாவிடில் இது நடக்குமா?

நம் மன்ற விழாவுக்கு வருவோம். சாம்பார் வாளி தூக்க வேண்டியவர் மேடையருகே நிற்கிறார். பலர் முன்னே அதட்டினால் அடுத்த விழாவுக்கு அவர் வரமாட்டார். தனியே அழைத்து, "மூன்றாம் பந்திக்கு ஆளில்லை தம்பி, அரைமணி நேரம் நின்றால் போதும்" என்று நான் சொல்வேன். இடம், நேரம், காரணம் மூன்றும் அதில் அடங்கிவிட்டன.

அப்போதும் முகம் சுளித்தால், "வேறு எந்த வேலை உமக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள், பதிலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். எதுவும் ஒத்துவராவிடில் நன்றி கூறி விடைகொடுப்பதே நலம். பிணக்கோடு பரிமாறும் கை, பசித்து வந்தவரையன்றோ வருத்தும்!

சித்தூரிலும் திருப்பதியிலும் நாம் நடத்தும் விழாக்களுக்கு வேடிக்கை பார்க்க வருவோர் பலர்; வேலைக்கு வருவோர் சிலரே. அச்சிலரில் ஒருவரையும் கடுஞ்சொல்லால் இழந்துவிடலாகாது, நண்பர்களே!