கருத்துக்கணிப்பு ஒன்று, வாக்குப்பெட்டி வேறொன்றா?

பொதுத்தேர்தல் நெருங்கும்போதெல்லாம் சாப்பாட்டுக் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறதே, அப்படியே நடக்குமா?" என்பதுதான் அது. சிலர் கருத்துக்கணிப்பை வேதவாக்காக எடுத்துக் கொள்கிறார்கள். வேறு சிலர், "எல்லாம் காசு கொடுத்து எழுத வைப்பது" என்று ஒரே அடியாக ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. 2008ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் நடந்த நான்கு பொதுத்தேர்தல்களைத் திரும்பிப் பார்த்தால், கணிப்பு எந்த இடத்தில் சரியாக இருந்தது, எந்த இடத்தில் சறுக்கியது என்பது விளங்கும்.

2008: எச்சரிக்கை இருந்தது

2008 மார்ச் 8ஆம் தேதி வாக்களிப்பு. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையைத் தக்க வைத்துக் கொள்ளும் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. அன்றிரவு கிடைத்ததோ 222 தொகுதிகளில் 140 மட்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு 148 வேண்டும். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தன் வசம் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு, டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்குகளில் தோற்றார்.

இதை யாருமே எதிர்பார்க்கவில்லை என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் 2007 நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராஃப் பேரணி நடந்த பிறகு எடுத்த கருத்துக்கணிப்பிலேயே, அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவிக்கு இந்தியர்களிடையே இருந்த ஆதரவு கடுமையாகச் சரிந்திருந்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோர் அவரை ஏற்றுக் கொள்வதாகவே அதே கணிப்பு காட்டியது. எல்லாரும் அந்த மொத்த எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்தார்கள். உள்ளே இருந்த சிறிய எண்ணைப் படிக்கவில்லை. கணிப்பு பொய்த்தது என்பதைவிட, அதை முழுமையாகப் படிக்காமல் விட்டார்கள் என்பதே பொருத்தம்.

2013: வாக்கு ஒரு பக்கம், நாற்காலி மறுபக்கம்

2013 மே மாதத் தேர்தலுக்குச் சற்று முன் மெர்டேக்கா ஆய்வு மையம் வெளியிட்ட கணிப்பில், மக்கள் கூட்டணிக்கு வாய்ப்புத் தரலாம் என்றவர்கள் 42 விழுக்காடு. தேசிய முன்னணியால்தான் ஆள முடியும் என்றவர்கள் 41 விழுக்காடு. இழுபறி நிலை. வாக்குகளை எண்ணியபோது அந்த இழுபறி உண்மைதான் என்று தெரிந்தது. மக்கள் கூட்டணிக்கு ஏறக்குறைய 51 விழுக்காடு வாக்கும், தேசிய முன்னணிக்கு 47 விழுக்காடு வாக்கும் கிடைத்தன.

ஆனால் ஆட்சி அமைத்தது யார்? 133 இடங்களைப் பிடித்த தேசிய முன்னணி. கூடுதல் வாக்கு வாங்கிய மக்கள் கூட்டணிக்கு 89 இடங்கள்தான்.

காரணம் தேர்தல் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வருபவருக்கே நாற்காலி. ஒரு வாக்கில் வென்றாலும், ஐம்பதாயிரம் வாக்கில் வென்றாலும் நாடாளுமன்றத்தில் ஓர் இடம்தான். தொகுதிகளின் அளவும் ஒன்றாக இல்லை. 2022 தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். சரவாக்கின் ஈகான் தொகுதியில் சுமார் 28 ஆயிரம் பேர். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்தான். மக்களின் மனநிலையைக் கருத்துக்கணிப்பு சரியாகவே சொல்லலாம். அந்த மனநிலை எத்தனை நாற்காலியாக மாறும் என்பது வேறு கணக்கு.

2018: ஒருநாள் முன்பு வந்த கணிப்பு

இந்த வேறுபாட்டை 2018 மே 9ஆம் தேதி இன்னும் அழுத்தமாகக் காட்டியது. வாக்களிப்புக்கு முந்தைய நாள் வெளியான மெர்டேக்கா மையத்தின் கணிப்பு, தேசிய முன்னணிக்கு 100 இடங்கள், பக்காத்தான் ஹராப்பானுக்கு 83, பாஸ் கட்சிக்கு 2 என்றது. எஞ்சிய 37 இடங்களில் கடும் போட்டி என்றது. முடிவில் ஹராப்பான் 113 இடங்களையும் அதன் தோழமைக் கட்சியான வாரிசான் 8 இடங்களையும் வென்றன. தேசிய முன்னணி 79 இடங்களோடு, 1957 முதல் தொடர்ந்து வந்த ஆட்சியை அம்னோ தலைமை இழந்தது. பாஸ் 18 இடங்களை வென்றது.

மறுதரப்பின் கணிப்பும் தப்பவில்லை. பி.கே.ஆர். கட்சியின் ரபிஸி ரம்லி நிறுவிய இன்வோக் அமைப்பு, ஹராப்பானின் வெற்றியைச் சரியாகச் சொன்னது. ஆனால் பாஸ் ஓர் இடத்தில்கூட வெல்லாது என்றும் சொன்னது. அந்தப் பாஸ் கட்சி கிளந்தானைத் தக்க வைத்துத் திரெங்கானுவையும் கைப்பற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெர்டேக்கா மையத்தின் அதே கணிப்பு, தீபகற்ப மலேசியாவில் வாக்கு விகிதத்தில் ஹராப்பானே முந்தும் என்று சொல்லியிருந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. மும்முனைப் போட்டியில் அந்தக் காற்று எத்தனை தொகுதிகளைச் சாய்க்கும் என்பதில்தான் பிசகியது. பாஸ் பிரிக்கும் வாக்கு எதிர்க்கட்சிக்குத்தான் நட்டம் என்று பலர் கணக்குப் போட்டார்கள். பெட்டியைத் திறந்தால் தேசிய முன்னணியின் வாக்கும் கரைந்திருந்தது. 2013இல் 47 விழுக்காடாக இருந்தது, 2018இல் ஏறக்குறைய 34 விழுக்காடாக இறங்கியிருந்தது.

ஒரு பானை சோறா, 222 பானையா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கருத்துக்கணிப்பின் அடிப்படையும் அதுதான். எந்தப் பாகுபாடும் இல்லாமல் குலுக்கல் முறையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், நாட்டின் போக்கை மூன்று விழுக்காடு முன்பின்னாகச் சொல்லிவிடலாம். 50 என்று கணிப்பு சொன்னால், உண்மை 47 முதல் 53க்குள் இருக்கக்கூடும்.

ஆனால் சோறு ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். எடுப்பவர் மேலே இருக்கும் பருக்கையை மட்டும் எடுக்கக்கூடாது. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அந்த இதழ் பெயர் எடுத்ததோ தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து. ஏழைகளின் குரல் அதில் போதுமான அளவு சேரவில்லை. எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்பதே பெரிது.

மலேசியப் பொதுத்தேர்தலிலோ இருப்பது ஒரு பானை அல்ல. 222 பானைகள். ஆயிரம் பேரை 222 தொகுதிகளுக்குப் பிரித்தால், தொகுதிக்கு ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள்.

இந்திய வாக்காளர்களைப் பற்றிய கணிப்புக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. விகிதாசாரப்படி எடுத்தால், ஆயிரம் பேரில் சுமார் 70 பேர்தான் இந்தியர்கள். 70 பேரை வைத்துச் சொல்லும் எண்ணில் 12 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம். "இந்தியர்களில் 60 விழுக்காட்டினர் இந்தப் பக்கம்" என்று ஒரு செய்தி வந்தால், அது 48 ஆகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். அதனால் இந்தியர்களுக்கென்று தனியாக எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

சொல்லாதவர்களும் வராதவர்களும்

இன்னொரு காரணம், வாக்காளர்களின் மௌனம். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, யாருக்கு ஓட்டு என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்ணவில்லை" என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். உதவித்தொகை நின்றுவிடுமோ, வேலைக்குச் சிக்கல் வருமோ என்ற அச்சம் சிலருக்கு. வீட்டிலேயே ஆளுக்கொரு கட்சியாக இருப்பதால் வாய் திறக்காதவர்கள் சிலர்.

சொன்னவர்கள் அனைவரும் வாக்களிக்க வருவார்கள் என்பதும் உறுதியில்லை. 2018இல் வேலைநாளான புதன்கிழமையில் வாக்களிப்பு வைத்தும் 82 விழுக்காட்டினர் வந்தார்கள். 2022இல் சனிக்கிழமை வாக்களிப்பு நடந்தும், விகிதம் ஏறக்குறைய 74 ஆகக் குறைந்தது.

அந்த 2022 தேர்தல் கணிப்பாளர்களுக்கு வேறொரு சோதனையும் வைத்தது. வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்து, தானியங்கிப் பதிவும் வந்ததால், வாக்காளர் எண்ணிக்கை சுமார் ஒன்றரைக் கோடியிலிருந்து 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. முன்பு ஒருமுறையும் வாக்களிக்காத லட்சக்கணக்கானோரின் பழக்கத்தை எதை வைத்து எடைபோடுவது? யாருக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்காது, ஹராப்பான் முதலிடத்தில் வரும் என்ற கணிப்பு பலித்தது. பெரிக்காத்தான் நேஷனல் வாக்களிப்பு இரவில் 73 இடங்களைத் தொட்டதோ பலரையும் திகைக்க வைத்தது.

மலேசியாவுக்கு மட்டும் உரிய சங்கதியும் அல்ல இது. இந்தியாவில் 2024 நாடாளுமன்றத் தேர்தலில், வாக்களித்து வெளியே வந்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் கொடுத்தன. கிடைத்தவை 293. வாக்களிப்புக்குப் பிறகு கேட்டும் இவ்வளவு பிசகு என்றால், முன்கூட்டியே கேட்பதன் எல்லை புரியும்.

வாசகர் என்ன செய்யலாம்?

கணிப்புகளை வெறுக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்து படித்தால் போதும். எத்தனை பேரைக் கேட்டார்கள்? எந்தத் தேதியில் கேட்டார்கள்? சபா, சரவாக்கைச் சேர்த்தார்களா? யார் செலவில் நடந்தது? முடிவு சொல்லாதவர்கள் எத்தனை விழுக்காடு? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் புலனத்தில் சுற்றிவரும் எண்களை, அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவதே நல்லது. முடிவு சொல்லாதவர்களின் அளவு, இரு தரப்புக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் கணிப்பு வெற்றியாளர் யாரென்று இன்னும் சொல்லவில்லை என்றே பொருள்.

ஆகவே, பொதுத்தேர்தல் முடிவு கணிப்பிலிருந்து மாறுபடுமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: காற்றின் திசை பெரும்பாலும் மாறுபடுவதில்லை. இடங்களின் எண்ணிக்கை மாறுபடும், சில வேளைகளில் ஆட்சியே மாறும் அளவுக்கு மாறுபடும்.

"அவர்கள்தான் வரப்போகிறார்கள், நாம் போய் என்ன ஆகப்போகிறது" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மலேசியாவில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர்கள் பெரும்பான்மையாக இல்லை. ஆனால் இரு தரப்பும் சமமாக நிற்கும் தொகுதிகளில் அவர்களுடைய வாக்கே தராசின் முள். கேமரன் மலையில் 2013இல் வெற்றி தோல்வியைத் தீர்த்தவை 462 வாக்குகள். அதே தொகுதியில் 2018 பொதுத்தேர்தலில் இருந்த இடைவெளி 597 வாக்குகள். ஒரு தோட்டத்தில் வசிப்பவர்கள் திரண்டு வந்தாலோ, வராமல் இருந்துவிட்டாலோ மாறிவிடக்கூடிய எண்கள் இவை.

அந்தச் சில நூறு பேர் எந்தப் பக்கம் என்பதை நாடு தழுவிய எந்தக் கணிப்பாலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அவர்கள் வாக்குச்சாவடிக்கு வந்தால்தான் தெரியும்.